தாள் வந்தால்தான் கதவு திறக்கும்

மதுரை மத்திய சிறைக்கு முன்னால் நான் முதன்முதலாகப் போய் நின்றது 2016ல், ஒரு ஆடி மாதக் காலையில். அரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் புது ஜெயில் ரோட்டுக்கு நடந்து வருவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. கையில் மஞ்சப்பை. அதற்குள் ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு பாக்கெட் பிஸ்கட், தம்பியின் கைலி, ஒரு துண்டு, ஆதார் நகல். ஊரில் முளைப்பாரி எந்தத் தெரு வழியாகப் போவது என்று ஆரம்பித்த தகராறு கைகலப்பாகி, 11 பேர் மேல் வழக்கு. அதில் ஒருவன் என் தம்பி. அவன் அடித்தானா, விலக்கப் போனானா என்று நான் இங்கே வாதாடப் போவதில்லை. நாலு வருடம் கழித்து நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. அதற்கு முன்பே 41 நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். எனக்கு இன்னும் ஆறாமல் கிடப்பது அந்த 41ல் கடைசி 8 நாள்.

சிறைக்கு வெளியே நிற்கிறவர்களுக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. உள்ளே இருப்பவரைப் பார்ப்பதற்குப் பெயர் 'மனு'. "மனு பார்க்க வந்தீங்களா?" என்றுதான் கேட்பார்கள். எழுதிக் கொடுக்கிற தாளும் மனு, கம்பிக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நின்று பேசுகிற அந்தச் சில நிமிஷமும் மனு. டீக்கடையில் செல்போனை ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கத்து ஆத்தா ஒருத்தர், பேரனைப் பார்க்க வந்தவர். தன் பெயரைச் சொல்லச் சொன்னால் பேரன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு இண்டர்காம் எல்லாம் கிடையாது. இரண்டு கம்பி வலை, நடுவில் இடைவெளி. எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் கத்திப் பேசும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாப்பிட்டியாப்பா?" தம்பி சொன்னான்: "களி இல்லம்மா, சோறுதான் போடுறாங்க." அம்மா அந்த ஒரு வரியை ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

வெளியே வந்ததும் வாசலில் நின்ற காவலரிடம் நான் கேட்டேன், "சார், எப்ப விடுவீங்க?" அவர் கோபப்படவில்லை. "எங்களைக் கேட்டா எப்படிம்மா? நாங்க பிடிச்சுட்டும் வரலை, அடைக்கச் சொல்லவும் இல்லை. தாள் வந்தா கதவைத் திறப்போம், அம்புட்டுதான்" என்றார். கதவை அடைக்கிற தாளும் எழுதுகிற தாளும் தமிழில் ஒரே சொல் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிற்பாடு நீதிமன்றம் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை போட்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மனு அடித்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று புரிந்தது.

காக்கி போட்டவர் எல்லாம் போலீஸ் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சிறை தனித் துறை. சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை என்று பெயர். கைது செய்வது காவல் நிலையம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். ரிமாண்ட் செய்வது அவர். வாய்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வருவது ஆயுதப்படைப் போலீஸ். அவர்கள் சிறைக்காரர்களுக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை; பந்தோபஸ்துக்கு எங்காவது போய்விட்டால் எஸ்கார்ட் இல்லை, எஸ்கார்ட் இல்லாவிட்டால் அன்றைய வாய்தாவுக்கு ஆள் போக முடியாது. இப்போது ரிமாண்ட் நீட்டிப்பைக் காணொலியிலேயே முடித்துவிடுகிறார்கள். உடம்புக்குப் பெரிதாக ஏதாவது என்றால் பெரியாஸ்பத்திரிக் கைதிகள் வார்டு, அதற்கும் போலீஸ் காவல். ஆளைப் பத்திரமாக வைத்திருப்பது மட்டும்தான் சிறையின் பொறுப்பு. உள்ளே வருவதும் வெளியே போவதும் மற்றவர்கள் எழுத்தில்.

அரசியலமைப்பின் 7ஆவது அட்டவணையில் சிறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, 4ஆவதாக. ஆகவே மாதிரி விதிகளை டெல்லி எழுதி அனுப்பலாம், நடத்துவது சென்னைதான். அடிப்படை இன்னும் 1894ஆம் வருடத்துச் சிறைச் சட்டம். அதன் கீழ் 1983ல் வந்த தமிழ்நாடு சிறை விதிகள். மத்திய சிறைகள் மொத்தம் 9: புழலில் இரண்டு, வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை. பெண்களுக்குத் தனிச் சிறை உண்டு, மதுரையிலும் உண்டு. 6 வயது வரை குழந்தையைத் தாய் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். 18 முதல் 21 வயதுப் பையன்களுக்கு பார்ஸ்டல் பள்ளி. 18க்குக் கீழே என்றால் சிறைத் துறைக்கே சம்பந்தமில்லை, கூர்நோக்கு இல்லம். இதற்கெல்லாம் கீழே மாவட்டச் சிறைகள், கிளைச் சிறைகள். ஒவ்வொரு மத்திய சிறைக்கும் ஒரு கண்காணிப்பாளர். அவருக்குக் கீழே சிறை அலுவலர், துணை, உதவி என்று இறங்கி, தலைமைக் காவலர், முதல்நிலை, இரண்டாம் நிலைக் காவலர்வரை. கண்காணிப்பாளருக்கு மேலே சரகத் துணைத் தலைவர், அதற்கும் மேலே சென்னையில் துறைத் தலைவர்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் சிறைக்காவலர். போலீஸ், தீயணைப்பு, சிறைக்காவலர் மூன்றுக்கும் ஒரே தேர்வுதான், சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்துவது. போலீஸ் ஆகத்தான் எழுதினாராம், கிடைத்தது இது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவர் பேசவே மாட்டார், அதை நான் மதிக்கிறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் அடிக்கடி சொல்வார்: கணக்கு. காலையில் திறக்கும்போது தலை எண்ண வேண்டும், சாயங்காலம் அடைக்கும்போது எண்ண வேண்டும், இடையிலும் எண்ண வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனவர், கோர்ட்டுக்குப் போனவர், புதிதாக வந்தவர், விடுதலையானவர் எல்லாம் கூட்டிக் கழித்து ஒரு எண் வர வேண்டும். அந்த எண் வராவிட்டால் டூட்டி முடிந்தவர்கூட வீட்டுக்குப் போக முடியாது. "ஒரு நாள் ஒண்ணு குறைஞ்சுச்சு. திரும்ப எண்ணினோம். திரும்பவும் குறைஞ்சுச்சு. கடைசில பார்த்தா ஒரு பெரியவர் காய்ச்சல்ல போர்வையை இழுத்து மூடிச் சுவரோரமாச் சுருண்டு கிடக்கார். அந்தப் பத்து நிமிஷத்துல எனக்கு வேர்த்த வேர்வை..." என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார்.

தம்பி விசாரணைக் கைதி. இந்த வார்த்தையின் கனம் வெளியே பலருக்குத் தெரியாது. தண்டனை பெற்றவர் வேறு, இவர் வேறு. 1894 சட்டமே இரண்டு பேரையும் தனித்தனியாக வைக்கச் சொல்கிறது. விசாரணைக் கைதி தன் சொந்தத் துணியை உடுத்தலாம், வீட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். அம்மா கைலி கொண்டுபோனது அப்படித்தான் உள்ளே போனது. இவர்கள் யாரும் இன்னும் குற்றவாளி என்று தீர்மானிக்கப்படாதவர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302. நாலில் மூன்று பங்கு. ஜெயில் என்றதும் நம் கண்ணில் வருகிற வெள்ளை உடுப்புக்காரர் உண்மையில் அங்கே சிறுபான்மை.

சரி, அந்த 8 நாளுக்கு வருகிறேன்.

தம்பிக்கு ஜாமீன் கிடைத்தது 33ஆவது நாள், திங்கட்கிழமை. அம்மா அன்றைக்கே கோழி அடிக்கச் சொல்லிவிட்டார். ஜாமீன் கிடைப்பது வேறு, ஜாமீனில் வருவது வேறு என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, சொத்து மதிப்புக்கு விஏஓ சான்று. சித்தப்பா ஆண்டிபட்டியில் இருந்து ரசீதோடு ஓடி வந்தார். "தேனி மாவட்டமா? உள்ளூர் ஆளாப் பாருங்களேன்" என்றார்கள். யார் சொன்னார்கள், எந்த நீதிமன்றம் என்பது வேண்டாம். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1978லேயே உச்ச நீதிமன்றத்தில் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில் இதே விஷயம் வந்திருக்கிறது. அவருக்காக ஜாமீன் நின்ற சகோதரரின் சொத்து அடுத்த மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் தள்ளிவிட்டார். கேட்ட தொகையும் 10,000 ரூபாய், ஒரு கொத்தனாருக்கு. நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ரத்து செய்தார். அந்தத் தீர்ப்பு வந்து 38 வருடம் கழித்து என் சித்தப்பா வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்றார்.

வெள்ளிக்கிழமை உள்ளூர் ஆள் ஒருவர் கிடைத்தார். உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் வாசலில் நின்றோம். ஆள் வரவில்லை. உள்ளே இருந்து ஒரு அதிகாரி அந்தத் தாளோடு வந்தார். "உங்க அப்பா பேரு என்னம்மா?" முத்துக்கருப்பன் என்றேன். உத்தரவில் முத்துக்கருப்பையா என்று டைப் ஆகியிருந்தது. "சரி பண்ணிட்டு வாங்க" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இப்போது சொல்கிறேன், அவர் செய்தது சரி. ஒரே பெயரில் இரண்டு பேர் உள்ளே இருப்பது சாதாரணம். தப்பான ஆளை வெளியே விட்டால் போவது அவர் வேலை. கேட்கவேண்டியது அவரை இல்லை. சனி, ஞாயிறு கோர்ட் இல்லை. திங்கட்கிழமை திருத்தி வாங்கி, தாள் போய்ச் சேர்ந்தபோது அடைப்பு முடிந்திருந்தது. கணக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. செவ்வாய் காலைதான் வந்தான்.

ஒரு ஐயாவுக்கும் ஒரு அனுக்கும் நடுவில் நாலு ராத்திரி.

2023 ஜனவரி 31ல் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஜாமீன் உத்தரவை அன்றைக்கோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். 7 நாளுக்குள் ஆள் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று நிர்ப்பந்திப்பது விடுதலையைத் தாமதப்படுத்தும் ஒரு காரணம், அந்த மாதிரி வழக்குகளில் அப்படி நிபந்தனை போடாமல் இருக்கலாம் என்றும் யோசனை சொன்னது. அதே வருடம் ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டமும் வந்தது. அப்போது அறிவித்தபடி, ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. எல்லோருக்கும் இல்லை, சில குற்றங்கள் விலக்கு. ஆனாலும் என் கடைக்கு வருகிறவர்களில் இப்படி ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2024 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 479ஆவது பிரிவு என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், தன் மேல் உள்ள குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையிலேயே கழித்துவிட்டால் அவரை விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் பொருந்தாது. இதில் முக்கியமானது இதுதான்: அந்த நாள் வந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்று பிரிவே சொல்கிறது. வெளியிலிருந்து தாள் வரும்வரை காத்திருந்த இடத்திலிருந்து இப்போது ஒரு தாள் வெளியே கிளம்ப வேண்டும். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இது பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்றும் சொல்லிவிட்டது. வக்கீலும் இல்லாமல், மனு பார்க்க வருகிற அம்மாவும் இல்லாமல் உள்ளே கிடக்கிற ஒருவனுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. அந்தத் தேதியை யாராவது எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். தலையை எண்ணுகிற அதே அக்கறையோடு நாளையும் எண்ண வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

சாதி பற்றிச் சொல்லாமல் இதை எழுதினால் பொய்யாகிவிடும். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3ல் உச்ச நீதிமன்றம், கைதிகளைச் சாதி பார்த்துப் பிரிப்பதும் வேலை கொடுப்பதும் அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. பதிவேட்டில் சாதி என்ற பத்தியையே எடுக்கச் சொன்னது. அந்த வழக்கில் பேசப்பட்ட இடங்களில் ஒன்று நம் பக்கத்துப் பாளையங்கோட்டை. தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனிப் பிரிவு. மோதல் வராமல் இருக்கத்தான் அப்படி என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் முன்பு அதை ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தெருவில் சண்டை வரும் என்று தெருவைப் பிரித்தோம், முளைப்பாரி எந்தத் தெருவில் போவது என்று சண்டை வந்தது. பிரித்து வைத்தால் சமாதானம் வரும் என்று நம்ப என்னால் முடியவில்லை. பிறப்பை வைத்தே ஆளைக் குற்றவாளி என்று எழுதி, கைரேகை வாங்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் நம் மண்ணுக்காரர்கள். அந்தப் பதிவேட்டின் வாடை சிறைக்குள் இத்தனை காலம் இருந்திருக்கிறது.

நல்லதும் பார்த்திருக்கிறேன். காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பு என்ற ஊரில் 2013ல் திறந்தவெளிச் சிறை ஆரம்பித்தார்கள், 80 ஏக்கருக்கு மேல் நிலம். நன்னடத்தையோடு நீண்ட காலம் கழித்த தண்டனைக் கைதிகள் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள். ஒரு முறை சிவகங்கை போன வழியில் வெளியிலிருந்து பார்த்தேன். வெயில், செம்மண், தலையில் துண்டு கட்டிய ஒரு ஆள் மண்வெட்டியால் வாய்க்கால் மடை திருப்பிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் பார்த்தது. எங்கள் ஊரில் எந்த வயலிலும் காணக்கூடிய காட்சி, ஆனால் அவர் இந்தக் காட்சிக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

மதுரைச் சிறையின் கதவு ஒரு தடவை வேறு மாதிரித் திறந்திருக்கிறது. மதுரைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி, சங்கரய்யா முதலான கம்யூனிஸ்ட் தலைவர்களை வெள்ளைக்காரன் காலத்தில் உள்ளே வைத்திருந்தார்கள். 1947 ஆகஸ்ட் 14, மறுநாள் சுதந்திரம். அன்று நீதிபதி சிறைக்கே நேராக வந்து விடுதலை உத்தரவைச் சொன்னார். தாளைத் தூக்கிக்கொண்டு யாரும் அலையவில்லை. தாள் அவர்களைத் தேடிப் போனது. இந்தச் சம்பவத்தைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பி வந்த செவ்வாய்க்கிழமை இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரிய கதவைத் திறக்கமாட்டார்கள், அதில் இருக்கிற திட்டிவாசல்தான். ஆளைக் குனியவைத்துத்தான் வெளியே விடும். அதற்கு முன்னால் அங்க அடையாளம் சரிபார்ப்பார்கள், உள்ளே வந்த அன்று எழுதியது. வலது முழங்காலில் தழும்பு, இடது தோளில் மச்சம். சின்ன வயதில் கம்மாய்க் கரையில் சைக்கிளோடு விழுந்த தழும்பு அது. நான்தான் பின்னாலிருந்து தள்ளினேன். அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு அவனை விட்டார்கள்.

போன வாரம் ஒரு அக்கா கடைக்கு வந்தார், கல்லுப்பட்டிப் பக்கம். கையில் ஜாமீன் உத்தரவு. "ரெண்டு ஜெராக்ஸ் போடு தாயி, நாலு மணிக்குள்ள ஜெயிலுக்குப் போகணும்" என்றார். நான் மெஷினில் வைக்கவில்லை. உட்காரச் சொன்னேன். பையன் பேர் என்னக்கா? சொன்னார், சரியாக இருந்தது. அவங்க அப்பா பேர்? சரி. ஊர்? சரி. முதல் தகவல் அறிக்கை நகலை வாங்கிக் குற்ற எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வைத்துப் பார்த்தேன். கடைசி இலக்கம் அதில் 6, இதில் 8. மணி மூன்றே கால். கடையைப் பக்கத்துக் கடைத் தம்பியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் ஓடினேன்.